விட்டு விட்டு வரும் தண்ணீர்

மோட்டார் சூடானால் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நான் சூடானால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று என் மனைவி கேட்பாள். படகுத்துறையில் எனக்கு 'ஹீட்டர்' என்று பெயர். நேரில் 'மெக்கானிக் அண்ணே' என்பார்கள், முதுகு திரும்பியதும் ஹீட்டர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு என்னைச் சூடேற்றியவன் என் தங்கை புருஷன். ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற படகு அவனுடையது. முந்தின வாரம்தான் அந்தப் படகைக் கரையேற்றி, மோட்டாரைப் பிரித்து, இம்பெல்லரைப் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தேன். இம்பெல்லர் என்பது ஒரு ரப்பர் சக்கரம். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி மேலே எஞ்சினுக்குத் தள்ளும். எஞ்சினைக் குளிர வைப்பது அந்தத் தண்ணீர்தான். அதில் கொஞ்சம் மோட்டாரின் பின்பக்கத் துளை வழியாக வெளியே பீய்ச்சும். பீய்ச்சினால் நலம், நின்றால் உடனே எஞ்சினை அணைக்கவேண்டும். துறையில் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வியே, "என்னப்பா, உன் மோட்டார் ஒண்ணுக்குப் போவுதா?" என்பதுதான்.

"போவல மச்சான்," என்றான் மாப்பிள்ளை. மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றான். சட்டையெல்லாம் வேர்வை.

"போன வாரம்தானே எல்லாம் பார்த்துக் குடுத்தேன்?"

"கரையில நிக்கும்போது நல்லாப் போவுது. நட்டாத்துல வேகம் எடுத்தா விட்டு விட்டு வருது. அப்புறம் பீப் பீப்னு அலாரம். அணைச்சுட்டேன். மணல் படகுக்காரன்தான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். படகு நிறைய ஆளு, மானம் போச்சு."

"அப்ப நான் மாட்டுன இம்பெல்லர் சரியில்லங்கிற."

"நான் எங்க மச்சான் சொன்னேன்? மோட்டார் சொல்லுது."

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தவன், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"தங்கச்சி?"

"அவளும் படகுலதான் இருந்தா," என்றான்.

அதுதான் விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படகில் முன்னால் ஸ்டியரிங் அவன் கையில், பின்னால் டிக்கெட் பை அவள் தோளில். போன வருஷம் துறையின் பாசிக் கல்லில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று, கம்பி வைத்தார்கள், நடக்கிறாள். ஆனால் படகின் விளிம்பைத் தாண்ட அந்தக் காலை உயரத் தூக்க முடியாது. வருஷம் பூராவும் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். வாயாடி என்று ஊரே பெயர் வைத்தவள், நான் பார்க்கப் போனால் தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காமல் போகிறதையே குறைத்துக்கொண்டேன்.

இம்பெல்லர் மாற்றப் படகைக் கரையேற்றிய அதே வாரம், மாப்பிள்ளை படகின் இடப்பக்கத்தில், பின் ஓரமாக ஒரு படி பொருத்தினான். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நல்ல அகலமான பலகை. கல்லிலிருந்து பலகை, பலகையிலிருந்து படகு. "என்னடா, மகாராணி ஏறப்போறாளா?" என்று கேட்டேன். "ஆமா," என்றான், சிரிக்காமல். அவள் அந்தப் படியில் கால் வைத்து ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்து, "சில்லறை வச்சிருக்கவங்க மட்டும் சிரிங்க!" என்று கத்தினதைத் துறையே கேட்டது. அது நடந்து நாலைந்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இது.

மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டினேன். அடியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பார்த்தேன். பாசியோ பிளாஸ்டிக் பையோ ஒன்றும் இல்லை. பின்பக்கத் துளையில் கம்பி விட்டுக் குடைந்தேன். சில சமயம் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும், அதுவும் இல்லை. கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரை எடுத்தேன். இதழ் எல்லாம் புதுசு, மடங்கவேண்டிய பக்கமே மடங்கியிருந்தன. மேலே தண்ணீர் ஏறுகிற செம்புக் குழாய் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. மிச்சம் இருந்தது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடு ஏறினதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடுகிற சின்ன வால்வு அது. திறக்காமல் முரண்டு பிடித்தால் எஞ்சின் வெந்துவிடும். அதைச் சோதிக்க ஒரே வழி, கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. வீட்டுக்குள் போய் அடுப்பில் கிடைத்த பாத்திரத்தை வைத்தேன்.

"அய்யோ, அது பால் காய்ச்சுற பாத்திரம்!" என்று மனைவி ஓடிவந்தாள்.

"கழுவிக்கலாம் விடு."

"என்னத்தைக் கழுவுறது? கிரீஸ் மிதக்குது பாருங்க. மோட்டாருக்குச் சமைக்கிற வீடு இது ஒண்ணுதான்!"

தண்ணீர் சூடாக ஆக வால்வு மெல்ல வாயைத் திறந்தது. பழுது இல்லை. இருவரும் நின்று பார்த்தோம். "நல்லாத்தானே திறக்குது," என்றாள், எரிச்சலை மறந்து. பிறகு நினைவு வந்து மறுபடியும் திட்டினாள்.

எல்லாவற்றையும் பூட்டித் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டினேன். குழாய் திறந்துவிட்ட மாதிரி பீய்ச்சியது. அதிலும் திருப்தியில்லாமல் என் சொந்தப் படகில் மாட்டி ஆற்றில் முழு வேகத்தில் இரண்டு சுற்று சுற்றினேன். தண்ணீர் அறுபடவே இல்லை. எஞ்சின் மேல் கையை வைத்தேன், கை பொறுக்கிற சூடுதான்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல மாப்ள," என்றேன். "ஓட்டுற ஆளைத்தான் பிரிச்சுப் பார்க்கணும்."

அவன் மோட்டாரை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. மறுபடியும் நட்டாறு, மறுபடியும் அலாரம்.

இந்தத் தடவை கூடுதலாக ஒன்று நடந்திருந்தது. தினமும் அக்கரைக்குப் போகிற ரிட்டயர்டு குமாஸ்தா ஒருவர் உண்டு. குடையும் கையுமாகத் திரிந்து எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு சொல்வதால் அவருக்கு 'வானிலை' என்று பெயர். படகு நின்றதும் அவர் வாய் நிற்கவில்லை. "ஒரு வருஷமா ஒரு தடவைகூட நிக்காத படகுப்பா இது. இந்த அம்மா கால் வச்ச நேரம், ரெண்டாவது தடவையா நிக்குது. நான் ஒண்ணும் தப்பா சொல்லல, ராசின்னு ஒண்ணு இருக்குல்ல," என்றிருக்கிறார். யாரோ சிரித்தார்களாம். கரை சேர்ந்ததும் என் தங்கை டிக்கெட் பையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. வானிலையின் வீட்டுக்குப் போய் அந்தக் குடையாலேயே நாலு போடலாமா என்றிருந்தது. மனைவி வாசலை மறித்துக்கொண்டு, "அவரை அடிச்சா மோட்டார் ஓடுமா? போய்த் தங்கச்சியைப் பாருங்க," என்றாள். போனேன்.

தங்கை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"நாளைக்குப் போறியா இல்லியா?" என்றேன், எடுத்த எடுப்பில். எனக்கு மெதுவாக ஆரம்பிக்கத் தெரியாது.

"போகல."

"ஒரு கிறுக்கன் சொன்னான்னு உட்கார்ந்துட்டியா?"

"அவர் சொன்னதுக்காக இல்லண்ணே. எனக்கே அப்படித்தான் தோணுது. நான் இல்லாதப்ப ஒழுங்கா ஓடுச்சு. நான் ஏறினதும் நின்னுச்சு. கண்ணால பார்க்கிறதை எப்படி இல்லன்னு சொல்றது? அந்த மனுஷன் பொழப்பு அது. என் ஆசைக்காக அதைக் கெடுக்கவா?"

"அது மெஷின்டி! மெஷினுக்கு ஏது ராசி? தண்ணி வரலன்னா எங்கயோ காரணம் இருக்கு. மோட்டாருக்குள்ளதான் இருக்கு. நான் கண்டுபிடிச்சு உன் முன்னால வைக்கலன்னா பட்டறையை மூடிட்டு டிக்கெட் கிழிக்க வர்றேன்."

"நீ கிழிச்சா ஒரு ஆளுகூட ஏறாது," என்றாள். உதடு ஓரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான், மறுபடியும் துணிக்குத் திரும்பிவிட்டாள். எழுந்து வாசல் வரை வந்தவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? நான் பின்னாலதானே உட்காருறேன், அந்தத் தண்ணியவே பார்த்துக்கிட்டு வருவேன். நேரா வேகமாப் போனாத்தான் விட்டு விட்டு வருது. மணல் மேட்டுக்கிட்ட வலது பக்கம் திரும்புவாருல்ல, அப்ப மட்டும் ஜோரா வரும். நேரானதும் மறுபடி திக்கும்."

"இதை ஏன் மாப்பிள்ளை சொல்லல?"

"அவர் முன்னால உட்கார்ந்து ஓட்டுறாரு. முதுகுலயா கண்ணு இருக்கு?"

பட்டறைக்குப் போகாமல் நேராகத் துறைக்குப் போனேன். திரும்பும்போது படகு சாயும். வலது பக்கம் திரும்பினால் வலப்பக்கம் தாழ்ந்து இடப்பக்கம் தூக்கும். இடப்பக்கம் தூக்கினால் தண்ணீர் வருகிறது என்றால் கோளாறு இடப்பக்கத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு ஏது இடப்பக்கம்? படகுக்குத்தான் இருக்கிறது. என் படகில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் புரிகிற மாதிரி இருந்தது. நான் மோட்டார் ஆள். படகு என்பது எனக்கு மோட்டாரை மாட்டுகிற பலகை, அவ்வளவுதான். அதன் அடியை நான் எட்டிப் பார்த்ததே கிடையாது.

"எடு படகை," என்றேன் மாப்பிள்ளையிடம். அவன் ஓட்ட, நான் பின்னால் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வேகம் எடுத்ததும், படகின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நுரைக் கோடு கிளம்பி நேரே மோட்டாரின் சல்லடை மேல் போய் மோதியது. முழுக்கக் காற்றுக் குமிழி. பாவம் அந்த இம்பெல்லர், தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. காற்றைக் குடித்தால் மேலே எதைத் தள்ளும்? பின்பக்கத் துளை திக்கித் திக்கிப் பீய்ச்சியது. அலாரம் அடிக்கும் முன் கத்தி நிறுத்தச் சொன்னேன்.

கரைக்கு வந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையை விட்டுத் தடவினேன். தங்கைக்குப் போட்ட படிக்கு நேர் கீழே ஓர் இரும்புப் பட்டை. படகின் பக்கவாட்டில் இறங்கி, அடியில் வளைந்து, நடுப்பகுதி வரை போயிருந்தது. தடிமனான போல்ட் தலைகள் கையில் தட்டுப்பட்டன. மோட்டாருக்கு நேர் முன்னால்.

"என்னடா இது?"

"படிக்குத் தாங்கி மச்சான். மேல ரெண்டு போல்ட் போதும்னு வெல்டிங் கடைக்காரன் சொன்னான். எனக்கு மனசு கேக்கல. ஆடுச்சுன்னா? அவ மறுபடி விழுந்துட்டான்னா? அதான் அடி வரைக்கும் கொண்டுபோய் இறுக்கிட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு எவ்வளவோ வார்த்தைகள் தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. தண்ணீரில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவன் படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அவளுக்காகப் போட்டதுதான்..."

"ஆமா."

"இதை அவகிட்ட சொல்லிடாத மச்சான். கால் வச்ச நேரம்னு அந்தாளு சொன்னதே சரின்னு ஆயிடும். செத்தாலும் படகுல ஏற மாட்டா."

எனக்கும் அதுதான் பட்டது. ராசியே இல்லை என்று கத்திவிட்டு வந்தவன் நான். இப்போது போய், படகு நின்றது உனக்குப் போட்ட படியால்தான் என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கே படகைக் கரையேற்றித் தாங்கியையும் படியையும் கழற்றி, போல்ட் துளைகளை அடைத்தோம். படி இல்லாமல் சாயங்கால நடை ஒன்று போய்வந்தான் மாப்பிள்ளை. தண்ணீர் அறுபடாமல் வந்தது, அலாரம் வாயே திறக்கவில்லை. இருவரும் தங்கையிடம் போனோம்.

"தெர்மோஸ்டாட்," என்றேன். "அதுதான் திறக்கல. மாத்திட்டேன். சரியாப் போச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதைத்தானே அண்ணியோட பால் பாத்திரத்துல போட்டுப் பார்த்தே? நல்லாத் திறந்துச்சுன்னு அண்ணி போன்ல சொன்னாங்களே. பாத்திரத்துக்கு அழுதாங்க, வால்வைப் பாராட்டுனாங்க."

என் மனைவிக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குண்ணே மெனக்கெடுறே? என்னன்னு சொல்லு."

சொன்னேன். நுரை, பட்டை, போல்ட் எல்லாவற்றையும் சொன்னேன்.  முடிந்ததும், "அப்ப என்னாலதான்," என்றாள். 

அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன். "உன்னால எங்கடி நின்னுச்சு? இந்த மடையன் ரெண்டு போல்ட் போடுற இடத்துல ஒம்பது போல்ட் போட்டான், அதால நின்னுச்சு! நீ விழுந்துடக் கூடாதுன்னு பயந்து பயந்து இறுக்கியிருக்கான். இதுல ராசி எங்க வந்துச்சு? அதுவும் கண்டுபிடிச்சது நானா? நீ! வலது பக்கம் திரும்பினா தண்ணி வருதுன்னு நீ சொல்லலன்னா இன்னும் அண்ணியோட பாத்திரம் எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டு இருப்பேன். ஒரு வருஷமா அந்தத் துளையைப் பார்க்க அங்க ஆளே இல்ல. இவன் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கான்!"

"சத்தியமா அப்படித்தான் ஓட்டுனேன்," என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "எனக்குப் பின்னால யாரும் இல்லாம நல்லாவே இல்ல."

அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீல் வைத்த மடக்குப் படி ஒன்று செய்யலாம் என்றேன். அடியில் தாங்கியே வேண்டாம், மேலே விளிம்பிலிருந்து சங்கிலி தாங்கும். ஆனால் ஆள் ஏறினதும் மடக்கித் தூக்கிக் கொக்கியில் மாட்டவேண்டும், மறந்தால் மறுபடியும் நுரைதான்.

"அதை யாரு தூக்குறது?" என்றாள்.

"அதான் தெரியல. முன்னால உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கை எட்டாது," என்றேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

 நான் கிளம்பும்போது, "சங்கிலி கனமா இருக்கக் கூடாது," என்றாள்.

அடுத்த நாள் பூராவும் நான் வெல்டிங் கடையில் கிடந்தேன். மாப்பிள்ளை படி இல்லாமலே படகில் நடை அடித்தான். அதற்கும் மறுநாள் காலை முதல் நடைக்குத் தங்கை வந்தாள். துறையில் கூட்டம் நின்றது. வானிலையும் குடையோடு நின்றார். முகம் வாடியிருந்தது. நேற்று அவர் படகில் ஏறவே இல்லை என்று மாப்பிள்ளை காதைக் கடித்தான். விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கிப் பார்த்தாராம், முடியவில்லையாம். யார் கையையும் பிடிக்கக் கூச்சப்பட்டு, பாலம் சுற்றி பஸ்ஸில் போயிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க அவரும் அந்தப் படியில்தான் ஏறியிருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

தங்கை சங்கிலியைத் தளர்த்திப் படியை இறக்கினாள். தானே முதலில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, பையைத் தோளில் மாட்டினாள்.

"படி வந்துடுச்சாம்மா?" என்றார் வானிலை, தயங்கித் தயங்கி.

"வந்துடுச்சு சார்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "நீங்க சொன்னது ஒரு வகையில சரிதான். நான் ஏறப் போய்த்தான் படகு நின்னுச்சு. எனக்குப் போட்ட படிக்கு அடியில ஒரு இரும்பு, அது மோட்டாருக்குப் போற தண்ணியில காத்தைக் கலந்துடுச்சு. இப்ப எடுத்தாச்சு."

 வானிலை குடையைக் கை மாற்றினார்.

"நான் ஏதோ வாய் தவறி..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். ஏறுங்க. எந்தக் கால் வலி, வலதா?"

"ரெண்டும்மா," என்றார்.

"அப்ப என் தோளைப் பிடிச்சுக்கங்க. அவசரமே இல்ல. நான் ஏற எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டேன், பார்த்தீங்கல்ல?"

அவள் தோளில் கை வைத்துப் படியில் கால் ஊன்றி ஏறினார். அவருக்குப் பின்னால் காய்கறிக் கூடைக்காரி, அவளுக்குப் பின்னால் தூங்குகிற குழந்தையைச் சுமந்த ஒருவன். எல்லோரும் அந்தப் படியில்தான் ஏறினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஹீட்டர், அழுதால் நன்றாகவா இருக்கும்? பக்கத்துப் படகுக்காரனைப் பார்த்துக் காரணமில்லாமல் திட்டினேன்.

தங்கை படியை மடக்கித் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். மாட்டினதை இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, "போலாம்!" என்றாள். படகு வேகம் எடுத்து மணல் மேட்டை நோக்கி நேராகப் போயிற்று. அவள் பின்னால் குனிந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் கத்தினது எனக்குக் கேட்டது.

"வருதுண்ணே! நேராவும் வருது!"